பங்குக் கணக்கு: ஷீட் போதுமா, ஆப் வாங்க வேண்டுமா?

கேள்வி: இரண்டு புரோக்கர்களிடம் டீமேட் கணக்கு (பங்குகளை மின்வடிவில் வைக்கும் கணக்கு) வைத்திருக்கிறேன். மொத்தம் 14 கம்பெனிப் பங்குகள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு ஆப் வருடத்துக்கு 1,800 ரூபாய் சந்தா கேட்கிறது. கூகுள் ஷீட்டில் காசில்லாமல் செய்துவிடலாம் என்கிறான் தம்பி மகன். எது நல்லது?

பதில்: தம்பி மகன் சொல்வதைக் கேளுங்கள். 14 பங்குகளுக்குச் சந்தா தேவையில்லை. ஆனால் அவர் ஷீட்டைப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பலரும் கம்பெனி பெயர், எண்ணிக்கை, சராசரி விலை என்று மூன்று கட்டம் போட்டு, சந்தை விலையை ஓடவிட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது ரொம்ப நாள் தாங்காது.

2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாகக் கொடுத்ததே, அதை எடுத்துக்கொள்வோம். 2,400 ரூபாய் விலையில் 20 பங்கு வாங்கியவர் போட்ட பணம் 48,000. போனஸுக்குப் பிறகு விலை பாதியாகிச் சுமார் 1,330க்கு வந்தது. ஷீட்டில் இன்னும் 20 என்றே இருந்தால் மதிப்பு 26,600, அதாவது 21,400 நஷ்டம் என்று சிவப்பில் காட்டும். உண்மையில் கையில் இருப்பது 40 பங்கு, மதிப்பு 53,200. லாபம் 5,200! அந்தச் சிவப்பைப் பார்த்துப் பதறி விற்றுவிட்டால் என்ன ஆவது?

அதனால் முதல் பக்கத்தை வரவு செலவு நோட்டு மாதிரி வையுங்கள். ஒவ்வொரு முறை வாங்கியதும் விற்றதும் தனித்தனி வரிசை: தேதி, பங்கு, எண்ணிக்கை, விலை, புரோக்கரேஜ், எந்த டீமேட். வாங்கி விற்ற அன்று புரோக்கர் அனுப்பும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டைப் பார்த்தே எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். எஸ்டிடிக்கு (பங்குப் பரிவர்த்தனை வரி) தனிக் கட்டம் விடுங்கள். மூலதன ஆதாயம், அதாவது விற்றதில் வந்த லாபம், கணக்கிடும்போது அதைக் கழிக்க முடியாது. போனஸ் வந்தால் அதற்கும் ஒரு வரிசை, விலை பூஜ்யம். வரிக் கணக்கிலும் போனஸ் பங்கின் அடக்க விலை பூஜ்யம்தான். அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் அதன் வைத்திருந்த காலமும் தொடங்கும். கையிருப்பையும் சராசரியையும் இரண்டாவது பக்கத்தில் சம்இஃப் (SUMIF) ஃபார்முலா பங்கு வாரியாகத் தானே கூட்டிக்கொள்ளும்.

சந்தை விலையை எடுத்துத் தர கூகுள்ஃபைனான்ஸ் (GOOGLEFINANCE) ஃபார்முலா இருக்கிறது. என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) குறியீடு சில சமயம் பிழை காட்டும். அப்போது மும்பை பங்குச் சந்தை எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரிலையன்ஸுக்கு அது 500325. விலை 20 நிமிடம் வரை பின்தங்கி வரலாம். உங்களைப் போல வாங்கி வைத்திருப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. டிவிடெண்ட் இதில் வராது, கையால்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஷீட்டின் அமைப்புகளில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 05/04 என்பதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும். அதை முதலிலேயே இந்தியா என்று மாற்றிவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் வரியே மாறிவிடும். பணம் போட்ட, எடுத்த தேதிகளை வைத்து எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) ஃபார்முலா சொல்லும் வருட வருமான சதவீதமும் தப்பாகவே வரும்.

சரி, எழுதியது சரிதானா என்று எப்படித் தெரியும்? டீமேட் பங்குகளைக் காத்து வைக்கும் அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறங்கள். உங்கள் பான் எண்தான் கடவுச்சொல். இரண்டு டீமேட்டும் அதில் சேர்ந்தே வரும். எண்ணிக்கையை வரி வரியாக ஒப்பிட்டால் விட்டுப்போன போனஸும் பங்குப் பிரிப்பும் (ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாக்குவது) மாட்டிக்கொள்ளும். ஆனால் நீங்கள் வாங்கிய விலை அதில் இருக்காது. அதற்கு உங்கள் நோட்டுப் பக்கம்தான் ஆதாரம்.

மாதம் பத்து இருபது முறை வாங்கி விற்கிறீர்கள், எழுதிக் கட்டுப்படியாகவில்லை என்றால் சந்தா கட்டலாம். புரோக்கர் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லும் ஆப் என்றால் மட்டும், காசே வேண்டாம் என்றாலும் தொடாதீர்கள். ஷீட்டை வீட்டில் யாருக்காவது காட்ட வேண்டுமானால் அவர்கள் மின்னஞ்சலுக்கு மட்டும், பார்க்கும் அனுமதியோடு பகிருங்கள். தம்பி மகனுக்கும் அப்படியே.