ஆடாதோடைக் கஷாயம் இருமலுக்கு உண்மையிலேயே கேட்குமா, அல்லது வெறும் நம்பிக்கையா?

உங்கள் வீட்டில் யாரோ நெஞ்சில் கட்டிய சளியோடு இரவெல்லாம் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்த இலையிலுள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டை முன்மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். அதிலிருந்து பிறந்த அம்ப்ராக்சால் இன்று எத்தனையோ இருமல் மருந்துப் புட்டிகளில் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடெங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை இலை ஒரு சரக்கு.

எங்கள் ஊரில் தோட்டத்து வேலியே ஆடாதோடைதான். ஆடுமாடு வாய் வைக்காது. கிளையை ஒடித்து ஊன்றினாலே தழைத்து, ஊதாக் கோடோடிய வெள்ளைப் பூக்களுடன் ஆள் உயரத்துக்கு நிற்கும். அப்பாயி அதன் இலையை நறுக்கி, மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டு, நீர் கால் பங்காகச் சுண்டும்வரை காய்ச்சித் தேன் கலந்து கொடுப்பார். கசப்பு நெடுநேரம் நாக்கில் நிற்கும். ஆனால் கட்டியிருந்த சளி இளகி வெளியேறும். அதே அப்பாயி, என் அண்ணி முழுகாமல் இருந்தபோது இருமலால் துவண்டும், அந்த இலையைத் தொடவே விடவில்லை. "வயித்துப்புள்ளக்காரிக்கு இது ஆகாது" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு என்று பின்னாளில் படித்தபோது, பள்ளிக்கூடம் பார்த்திராத அவருடைய தெளிவை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

அதனால்தான், இணையத்தில் வாங்கிய ஆடாதோடைப் பொடிப் பொட்டலம் ஒன்றில் 'பக்கவிளைவு அற்றது, அனைவருக்கும் ஏற்றது' என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு எனக்குக் கடுங்கோபம் வந்தது. கருவுற்ற பெண்களுக்கு ஒரு வரி எச்சரிக்கைகூட அதில் இல்லை. மூலிகையை விற்பவர்களே அதன் வீரியத்தை மதிக்காவிட்டால், நம் மருத்துவத்தை மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?

நான் மருத்துவன் அல்லன். ஆங்கில மருத்துவத்தைப் பழிக்கவும் இதை எழுதவில்லை. கைக்குழந்தைக்கு அளவு தெரியாமல் கொடுக்காதீர்கள். சித்த மருத்துவரைக் கேளுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ சளியில் இரத்தம் தென்பட்டாலோ, கஷாயத்தை நம்பிக் காத்திராமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.