பிட்புல், ராட்வீலர் இனங்களைத் தடை செய்தால் நாய்ச் சண்டை நின்றுவிடுமா?

நிற்காது. 2024 மார்ச் 12-ல் மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையையே எடுத்துப் பாருங்கள். 23 இன நாய்களை வளர்க்க, விற்க உரிமம் தரக்கூடாது, ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் டோசா இனு என்ற ஜப்பானியச் சண்டை நாய் வருகிறது. கொஞ்சம் தள்ளி ‘ஜப்பானிய டோசா’ என்று அதே நாய் மறுபடியும் வருகிறது. ‘டெரியர்கள்’ என்று மொட்டையாக ஒரு சொல் வேறு. அப்படியானால் மடியில் கிடக்கும் யார்க்‌ஷயர் டெரியரும் கொடிய விலங்குதான்! பஞ்சாப் பக்கம் சண்டைக்கு இறக்கும் புல்லி குட்டாவின் பெயரோ அதில் இல்லை.

சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10-ல் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னைப் பூங்காவில் ராட்வீலர்கள் சிறுமியைக் குதறிய பிறகு தமிழக அரசும் அதே பட்டியலை வெளியிட்டு, கையோடு திரும்பப் பெற்றது.

நாய்ச் சண்டைக்குப் புதிதாகத் தடை தேவையே இல்லை. 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். ஓட்டை தண்டனையில் இருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய். பந்தயப் பணத்தில் டீச் செலவுக்குக்கூடக் காணாது.

அதனால் புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பிரிவு 11(1)-ல் விலங்கை மோதவிடுவது உட்பிரிவு (எம்). சண்டைக்கு இடம் கொடுப்பது, நடத்துவது, நுழைவுக் காசு வாங்குவது உட்பிரிவு (என்). (எம்) மட்டும் போட்டால் மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்துவிடும். (என்) அப்படியல்ல, நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். எனவே சண்டை நடந்த இடம் யாருடையது, யார் காசு வாங்கினார்கள் என்பதை அவசியம் எழுதுங்கள். நாய் செத்திருந்தாலோ ஊனமாகியிருந்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் 5 ஆண்டு வரை சிறை. மிருகவதைச் சட்டப்படி வழக்குத் தொடரக் கெடு சம்பவத்திலிருந்து 3 மாதம்தான். பழைய வீடியோவோடு போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

‘தெருநாய் கடித்தது சார்’ என்பார் உரிமையாளர். அதை உடைப்பது கால்நடை மருத்துவரின் சான்றிதழ். முகம், கழுத்து, முன்னங்கால்களில் ஆறிய தழும்பும் அதன் மேலேயே புதுப் பல்குத்தும் அடுக்கடுக்காக இருக்கிறதா, வீட்டிலேயே போட்ட தையல் தெரிகிறதா என்று பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். கனத்த சங்கிலி, டிரெட்மில், கவ்விய வாயைப் பிளக்கச் செருகும் மரக்கட்டை, ஸ்டீராய்டு குப்பிகள் இருந்தால் போலீஸ் எழுதும் பறிமுதல் மகஜரில் ஏற வேண்டும். நீங்களே உள்ளே போய் எதையும் எடுக்காதீர்கள், 112-க்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, பறிமுதலான நாயை வழக்கு முடியும்வரை காப்பகத்தில் வைக்கும்படி மிருகவதைச் சட்டத்தின் பிரிவு 35-ன் கீழும், வழக்கில் சிக்கிய விலங்குகளைப் பராமரிப்பது பற்றிய 2017 விதிகளின்படியும் மனு போட வேண்டும். பராமரிப்புச் செலவை உரிமையாளரிடமே கேட்கலாம். மனு போடாவிட்டால் ‘என் நாய்’ என்று அவரே வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.