ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் இருக்கிறது, ஐந்து மாதக் கர்ப்பம். பிள்ளைக்காகக் குளிசைகளை நிறுத்தலாமா? பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பட்டவள், அதனால்தான் இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

எனக்கும் அதே நோய்தான், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் வகை. கலியாணத்துக்கு முன்பே கண்டுபிடித்தார்கள், அப்போதே சிரோசிஸ் தொடங்கியிருந்தது. (சிரோசிஸ் என்பது ஈரல் தழும்பேறி இறுகிப்போவது, அதைச் சொன்னால் எங்கள் ஊரில் சாராயம்தான் ஞாபகத்துக்கு வரும். உப்புவெளியில் என்னைப் பற்றி என்னவெல்லாம் கதைத்தார்களோ!) எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளான அசத்தியோபிரினும் சிறிய அளவு பிரெட்னிசொலோனும் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ரிப்போர்ட் எல்லாம் அடங்கியிருந்த பிறகுதான் டொக்டர் பிள்ளைக்குச் சம்மதித்தார். மூன்றாம் மாதம் மாமி, நல்ல மனதோடுதான், "வயித்தில பிள்ளைய வச்சுக்கொண்டு இவ்வளவு குளிசையா?" என்று கீழ்காய்நெல்லி இடித்துச் சாறு தந்தார். நானும் குளிசையை விட்டேன். மூன்று கிழமையில் அலுப்பு, சாப்பாடு இறங்கவில்லை, இரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி மேலே போய்விட்டது.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருவர், "கர்ப்பத்தில் இதெல்லாம் ஏறும்தானே" என்றார். ஏறுவது ஏஎல்பி, அதே ரிப்போர்ட்டில் வரும் இன்னொரு அளவு, அது நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் என்பதால் கடைசி மாதங்களில் கூடுவது வழமை. ஏஎல்டி அப்படி இல்லை, கர்ப்பத்தால் மட்டும் அது ஏறாது, ஏறினால் ஈரலில் ஏதோ நடக்கிறது என்றுதான் அர்த்தம். அசத்தியோபிரின் கர்ப்பத்தில் தொடரக்கூடிய மருந்து. தாயின் நோய் திரும்பக் கிளம்புவதுதான் பிள்ளைக்குக் கூடிய ஆபத்து, குறைமாதப் பிரசவமும் எடைக் குறைவும் அதனால் வரலாம். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோபீனலேட் போடுகிறீர்கள் என்றால் கதையே வேறு, அது கருவின் உறுப்புகளைப் பாதிக்கும், இன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.

சிரோசிஸும் இருந்தால், உணவுக்குழாயில் நாளங்கள் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்களா? கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, அதோடு வளரும் கர்ப்பப்பை பெரிய நாளத்தையும் அமுக்குகிறது, அதனால் அந்த வீங்கிய நாளங்களில் அழுத்தம் ஏறி வெடித்து இரத்தம் கொட்டலாம். பிரசவத்தில் முக்கும்போதும் அதே பயம். அதனால்தான் நடு மூன்று மாதங்களில் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். எனக்கு ஐந்தாம் மாதம், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழாயை விழுங்கினேன். வீக்கம் இருந்தது, அந்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் புரோப்ரனொலோல் குளிசை தொடங்கினார்கள்.

சரி, பிள்ளைக்கு வருவோம். மகள் 35 வாரத்தில் பிறந்தாள், 2.1 கிலோ. புரோப்ரனொலோல் பிள்ளைக்கும் போகும், பிறந்ததும் இரத்தத்தில் சீனி இறங்கலாம், இதயத்துடிப்பு மெதுவாகலாம். இரண்டு நாள் குதிக்காலில் குத்திக் குத்திச் சீனி பார்த்தார்கள், ஒரு தடவை குறைந்தது, பாலோடு சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் கண் மஞ்சளானதும் வீட்டில் ஒரே அழுகை, "தாயின் செங்கண்மாரி பிள்ளைக்கு வந்திட்டுது" என்று. அது பச்சைப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வரும் மஞ்சள், குறைமாதப் பிள்ளைகளுக்கு இன்னும் கூட. நீல விளக்கின் கீழ் வைத்துக் குறைத்தார்கள். எங்கள் நோய் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதில்லை.

தொற்றுவது வைரஸால் வரும் ஹெப்படைட்டிஸ் பி. உங்கள் கேள்விக்கு வெளியே என்றாலும், இதை வாசிக்கிற வேறு யாருக்கும் உதவும். அது உள்ள தாயின் பிள்ளைக்குப் பிறந்து 24 மணிநேரத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும், கூடவே தயார் எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும், அது 12 மணிநேரத்துக்குள் என்றால் நல்லது. நம் இலங்கை அட்டவணையில் அந்தத் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில்தான் வருகிறது, அதனால் முன்கூட்டியே கிளினிக்கில் ஏற்பாடு செய்து வையுங்கள்.

தாய்ப்பால் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். அசத்தியோபிரின் பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும், அதுவும் குளிசை போட்டு முதல் நாலு மணிநேரத்தில். நான் இரவுப் பால் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வேன்.

பிள்ளை பிறந்ததும் எல்லோரும் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள், நீங்களும்தான். இந்த நோய் கர்ப்பத்தில் அடங்கி இருந்துவிட்டு பிரசவத்துக்குப் பிறகு வரும் மாதங்களில் கிளம்புவது வழக்கம். எனக்கு மூன்றாம் மாதம் ஏஎல்டி திரும்ப ஏறியது, பிரெட்னிசொலோனைக் கூட்டித்தான் இறக்கினார்கள். பிள்ளையின் ஊசிக்குத் திகதி எழுதும் அதே கொப்பியில் உங்கள் இரத்தப் பரிசோதனைக்கும் மிட்வைஃபிடம் சொல்லித் திகதி எழுதி வாங்குங்கள்.