சுவிஸ் மாமாவின் காசை வாங்கமுன்

வாழைச்சேனையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டாந்தரமும் எழுதி ஒரு சீ, இரண்டு எஸ் பெறுபேறுதான். சுவிஸில் இருக்கும் மாமா, கொழும்பில் தனியார் கம்பஸ் ஒன்றில் பயோமெடிக்கல் பட்டம் படிக்கட்டும், பாதிக் காசு நான் தருகிறேன் என்கிறார். மீதிக்கு வளவை ஈடு வைக்க வேண்டும். மகனோ சீசனில் பாசிக்குடாவில் சுழியோடிகளின் வள்ளத்தில் நின்று பழகி, அதுதான் என் தொழில் என்கிறான். "கடலுக்குப் போற பிழைப்பு வேண்டாமென்றுதானே படிப்பிச்சம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வளவை ஈடு வைக்காதீர்கள். அந்தப் பட்டம் பெற்றவர் வைத்தியர் ஆவதில்லை. முடித்தபின் இலங்கையில் எந்தத் தொழிலுக்குப் பதிவு கிடைக்கும் என்று கம்பஸிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில். இரண்டு முறை விரும்பாமல் படித்த பாடத்தை மூன்றாம் முறை கடன் வாங்கிப் படிப்பிப்பது பிள்ளைக்கும் பாரம், வீட்டுக்கும் பாரம்.

மகன் கேட்பது மீன்பிடியும் அல்ல, சங்கு, கடலட்டை எடுப்பதும் அல்ல. சுழியோட்ட வழிகாட்டிக்கு ஐஎஸ்ஓ 24801-3 என்ற சர்வதேசத் தரம் உண்டு. பேடி, எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகள் அந்த மட்டத்துக்குப் பயிற்றுவிக்கின்றன. பேடி வழியில் முதலில் ஓபன் வோட்டர், 18 மீட்டர் ஆழம் வரை. பிறகு அட்வான்ஸ்ட், 30 மீட்டர். பிறகு முதலுதவியும் ரெஸ்கியூ என்ற மீட்புப் பயிற்சியும். அதற்குப் பிறகே டைவ்மாஸ்டர், அதுதான் வழிகாட்டி மட்டம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், தொடங்கும்போது பதிவேட்டில் 40 சுழியோட்டம், முடிக்கும்போது 60. உபகரணமில்லாமல் 400 மீட்டர் நீச்சல், முகமூடியும் துடுப்புக் காலணியும் போட்டு 800 மீட்டர், களைத்தவரை 100 மீட்டர் இழுத்துவருவது, 15 நிமிடம் மிதப்பது (கடைசி 2 நிமிடம் கைகள் தண்ணீருக்கு மேலே). நீருக்கடியில் ஒரே ரெகுலேட்டரை (வாயில் வைக்கும் சுவாசக் கருவி) மாறி மாறிச் சுவாசித்தபடி இருவர் தங்கள் உபகரணங்களை மாற்றிக்கொள்வதும் ஒரு சோதனை.

இவை ஆகக் குறைந்த அளவுகள். ஒரு சுழியோட்டம் 45 நிமிடமென்றால் 60 சுழியோட்டம் 45 மணித்தியாலம். கடையில் நிற்கும் பொடியன் ஒரு கிழமை வேலை செய்யும் நேரம் அது. டைவ்மாஸ்டர் சான்றிதழ் அட்டை கையில் கிடைத்த அன்றே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குபவரை நான் வழிகாட்டி என்று சொல்லமாட்டேன். இன்னும் ஒரு சீசனாவது அனுபவசாலியின் பின்னால், குழுவின் கடைசி ஆளாக நீந்தட்டும்.

வழிகாட்டியின் திறமை காற்றுக் கணக்கில் தெரியும். 12 லீட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தம்: 2400 லீட்டர் காற்று. மேலே வரும்போது 50 பார் மிஞ்ச வேண்டும், ஆக 1800தான் பாவிக்கலாம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீட்டர் சுவாசிப்பவர், 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால், 60 லீட்டர் எடுப்பார், 30 நிமிடம் தாங்கும். பயந்தவர் இரண்டு மடங்கு இழுப்பார், 15 நிமிடம்தான். அவர் சொல்லமுன் அவருடைய காற்றழுத்த மானியைப் பார்ப்பது வழிகாட்டியின் வேலை. மீன் காட்டுவதில் மூழ்கி முன்னால் வேகமாக நீந்துபவர் இதைத்தான் தவறவிடுகிறார்.

கடற்கரைப் பிள்ளைகளிடம் இன்னொரு ஆபத்து. மூச்சடக்கி மூழ்கிப் பழகியவர்கள். சிலிண்டர் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் நுரையீரல் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியலாம். உங்கள் ஊரில் கடலட்டைக்குப் போய் கால் விளங்காமல் இருப்பவர்களுக்கு நடந்தது வேறு: ஆழத்தில் அடிக்கடி இறங்கி விரைவாக ஏறியதால், உடம்பில் கரைந்திருந்த நைதரசன் குமிழாகியது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வரச் சொல்வது இதனால்தான்.

சுழியோட்டம் பழக்கும் கடையைத் தெரிவுசெய்ய ஒரு கேள்வி போதும்: "ஓபன் வோட்டர் அட்டை உள்ளவரை ஹேர்மிஸுக்குக் கூட்டிப்போவீர்களா?" 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 53 மீட்டரில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40. 53 மீட்டரில் காற்று 6.3 மடங்கு செலவாகும், 1800 லீட்டர் ஏறத்தாழ 14 நிமிடம்தான் காணும், போதை போல மயக்கமும் வரும். அதற்குத் தனிப் பயிற்சியும் வேறு வாயுக் கலவையும் வேண்டும். "ஓம், காசு தந்தால் போகலாம்" என்றால் மகனை அங்கே விடாதீர்கள். சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கொம்பிரசரையும் பாருங்கள்: எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் காற்றை உறிஞ்சும் குழாய் இருந்தால் சிலிண்டரில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு ஏறும்.

செலவில் கண்டிப்பாக இருங்கள். "ஆரம்பம் முதல் டைவ்மாஸ்டர் வரை" என்று மொத்தமாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியே, சான்றிதழ் அட்டைக் கட்டணமும் புத்தகமும் உபகரண வாடகையும் சேர்ந்ததா என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கோர்ஸ் இலவசம் என்று சீசன் முழுக்கச் சிலிண்டர் தூக்கவைப்பதும் பயிற்சியல்ல. எத்தனை சுழியோட்டம், எந்த ஆசிரியர் என்று எழுத்தில் வேண்டும்.

வருமானம் மாதச் சம்பளம் போல வராது. நமது கடல் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரைதான் தெளிவு. வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே ஹிக்கடுவை, உனவட்டுனப் பக்கம் போக வேண்டியிருக்கும், அதற்குச் சிங்களமும் ஆங்கிலமும் வேண்டும். வேலைக்குச் சேரும்போது ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதம் கட்டப்படுமா என்றும் கேட்கட்டும்.

மாமாவுக்குப் பதில் எழுதமுன் மகனைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். செவிப்பறையில் ஓட்டை, ஆஸ்துமா, வலிப்பு எதையும் மறைக்கக் கூடாது. வைத்தியர் கையெழுத்து வைத்தால் ஓபன் வோட்டருக்கு மட்டும் காசு கட்டுங்கள். முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போகவா வேண்டாமா என்று அவனே சொல்லட்டும்.