கோடை வகுப்பில் பாஸ் செய்தால் அரியர் போய்விடுமா?

காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்:

“சார், என் மகள் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன நவம்பர் தேர்வுக்கு முந்தின வாரம் டைபாய்டு வந்துவிட்டது. காய்ச்சலோடேயே போய் எழுதினாள். மற்றதெல்லாம் பாஸ், கணக்கில் மட்டும் போய்விட்டது. இன்டர்னல் 40-க்கு 14, எக்ஸ்டர்னல் 60-க்கு 21. ஏப்ரலில் அரியர் எழுதலாமாம். மே மாதம் கல்லூரியே கோடை வகுப்பும் நடத்துகிறது, அதற்கு 6,000 ரூபாய். தெரிந்தவர் ஒருவர், 15,000 கொடுத்தால் வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் ஒரே மாதத்தில் கோடை கோர்ஸ் முடித்து, நல்ல கிரேடோடு இந்தப் பாடத்தை ஈடுகட்டித் தருகிறேன் என்கிறார். மாங்காய் இறக்கினால்தான் எங்கள் கையில் காசு. எதில் போடுவது? சிஜிபிஏ குறைந்துவிடுமா?”

முதலில் அந்தத் தெரிந்தவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கல்லூரிகளில் கணக்கு நடத்தி, கடைசிச் சில வருடங்கள் தேர்வுப் பிரிவிலும் இருந்தவன் நான். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தகப்பனார் மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு சான்றிதழை எடுத்து என் மேஜையில் வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வழவழப்பான தாள், மூலையில் பளபளக்கும் முத்திரை, நடுவில் ‘4 கிரெடிட், ஏ பிளஸ்’ (கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் எண்). “இதைப் பாப்பா மார்க்கோட சேர்த்துடுங்க சார்” என்றார். 18,000 கொடுத்திருக்கிறார், இரண்டு எருமை விற்ற பணம். எந்த ரெஜிஸ்டரிலும் அதை ஏற்ற முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

உங்கள் மகளின் பதிவு எண் எந்தக் கல்லூரியில் இருக்கிறதோ, அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் மட்டும்தான் அவளுக்கு கிரேடு போட முடியும். வெளியில் படித்த எதுவானாலும், படிப்பதற்கு முன்பே அந்த அலுவலகம் எழுத்தில் ‘இந்தப் பாடத்துக்குப் பதில் இதை ஏற்கிறோம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். முடித்துக்கொண்டு வந்து கேட்டால் நடக்காது.

புரோக்கர்கள் ஒரு உண்மையை நுனியில் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் ஒரு விதி கொண்டு வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ‘ஸ்வயம்’ தளத்தில் படித்து, அந்த கிரெடிட்டைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளலாம் என்பது அது. ஏற்றுக்கொள்ளலாம் என்றால், கல்லூரி முன்கூட்டியே சம்மதித்தால் என்று பொருள். பெரும்பாலும் விருப்பப் பாடத்துக்குப் பதிலாகத்தான் சம்மதிப்பார்கள். ஃபெயிலான கட்டாயக் கணக்குப் பாடத்தை அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள்.

அந்த ஸ்வயத்தில் என்பிடெல் கோர்ஸ், அதாவது ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் கோர்ஸ், சேரப் பணமே கிடையாது. தேர்வு எழுதுவதாக இருந்தால்தான் கட்டணம், அதுவும் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று தொடங்கும். வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். மே மாதம் ஒரே மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் இந்தத் தேர்வை எங்கே, யாரை வைத்து எழுத வைப்பார் என்று கேளுங்கள். ‘ஏபிசி ஐடி எடுத்து நானே கிரெடிட்டை ஏற்றிவிடுவேன்’ என்று அடுத்த கதை வரும். ஏபிசி என்பது மாணவர்கள் வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் கணக்கு. அந்த ஐடியை டிஜிலாக்கரில் உங்கள் மகளே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் கிரெடிட்டை ஏற்றுவது கல்வி நிறுவனம் மட்டுமே. புரோக்கரால் முடியாது, மாணவியாலும் முடியாது.

சரி, கல்லூரியின் கோடை வகுப்புக்கு வருவோம். இதில்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘சம்மர் கோர்ஸ்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் நடக்கின்றன. ஒன்று வெறும் கோச்சிங். மே மாதம் பத்துப் பதினைந்து நாள் பாடம் எடுப்பார்கள், அப்புறம் எல்லோரையும் போல அடுத்த அரியர் தேர்வை எழுத வேண்டும். பழைய இன்டர்னல் 14 அப்படியே நிற்கும். இன்னொன்று, பாடத்தையே திரும்பப் படிப்பது. மாணவர்கள் ‘ரீடூ’ என்பார்கள். அதில் புதிதாக இன்டர்னல் டெஸ்ட் வைப்பார்கள், வருகைப் பதிவு உண்டு, முடிவில் தேர்வுப் பிரிவே பரீட்சை நடத்தும்.

எது என்று கண்டுபிடிக்க மணிக்கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரப் பாடம் என்பது பொதுவான கணக்கு. 4 கிரெடிட் பாடத்துக்கு 60 மணி நேரம். தினம் இரண்டரை மணி நேரம் என்றால் 24 நாள் வேண்டும். சுற்றறிக்கையில் பத்து நாள் என்று போட்டிருந்தால் அது கோச்சிங்தான். அதற்கு 6,000 கட்ட வேண்டாம். சீனியர் பெண் ஒருத்தியோடு உட்கார்ந்து ஐந்து வருட வினாத்தாளைப் போட்டுப் பார்த்தாலே போதும்.

உங்கள் மகளுக்கு இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், அவளைக் கவிழ்த்தது எக்ஸ்டர்னல் மட்டும் அல்ல. பாஸுக்கு மொத்தம் 50 வேண்டும், எக்ஸ்டர்னலில் தனியாக 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை இப்படி. 40-60 என்று மார்க் பிரித்திருப்பதால் உங்கள் கல்லூரியும் இதையே பின்பற்றக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். இன்டர்னல் 14-ஐ வைத்துக்கொண்டு அரியர் எழுதினால் அவள் எக்ஸ்டர்னலில் 36 எடுக்க வேண்டும். ரீடூவில் உட்கார்ந்து இன்டர்னல் 28 வாங்கிவிட்டால் 27 போதும். ஒன்பது மார்க் வித்தியாசம். கணக்குக்குப் பயப்படும் பிள்ளைக்கு ஒன்பது மார்க் என்பது ஒரு முழு யூனிட்டைத் தொடாமல் விடுவதற்குச் சமம்.

அதற்காக ஏப்ரல் அரியரை விட்டுவிடாதீர்கள். அதற்குக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். உடம்பு தேறி எழுதும்போது 36 ஒன்றும் மலை இல்லை. ஆனால் ஒன்று: கோடை வகுப்புக்குப் பதிவு செய்த அன்றே பழைய இன்டர்னலையும் அரியர் எழுதும் உரிமையையும் ரத்து செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. அதனால் அரியருக்கு முதலில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். கோடை வகுப்புக்குக் கடைசித் தேதி எது, அரியரில் பாஸானால் 6,000 திரும்ப வருமா என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

இனி சிஜிபிஏ, அதாவது எல்லாப் பருவத்துக்கும் சேர்த்த கிரேடு சராசரி. இதில்தான் எல்லாப் பெற்றோரும் குழம்புகிறார்கள், குழம்புவதில் தப்பும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடு பாயிண்டையும் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பதுதான் சராசரி. உங்கள் மகள் அந்தப் பருவத்தில் 24 கிரெடிட் படித்தாள், அதில் பாஸான 20 கிரெடிட்டில் சராசரி 8 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 160 பாயிண்ட். ஃபெயிலான 4 கிரெடிட்டை அண்ணா பல்கலைக்கழக முறையில் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 160-ஐ 20-ஆல் வகுத்து 8.0 என்றே அச்சாகும். பார்க்க நன்றாக இருக்கும். பிறகு அவள் பாஸ் செய்து அந்தப் பாடத்துக்கு 6 பாயிண்ட் வாங்குகிறாள். இப்போது 160-உம் 24-உம் 184. இதை 24-ஆல் வகுத்தால் 7.67. பாஸ் ஆன பிறகு சராசரி குறைகிறது! ‘கோடை வகுப்பில் சேர்ந்ததால் மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்’ என்று சண்டைக்கு வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். யாரும் குறைக்கவில்லை. விடுபட்டிருந்த பாடம் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது. வேறு சில கல்லூரிகளில் ஃபெயிலைப் பூஜ்யமாகப் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். அங்கே முதலில் 6.67 என்று வரும், பாஸானதும் 7.67-க்கு ஏறும். முடிவு இரண்டிலும் ஒன்றுதான்.

ரீடூவில் மேல் கிரேடுக்கு வரம்பு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. 85 எடுத்தாலும் ஒரு படி கீழேதான் தருவார்கள். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது பாஸ், அதனால் அந்த வரம்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

‘அரியர் போய்விடுமா’ என்றால், நிலுவை போய்விடும். தடம் போகாது. மதிப்பெண் பட்டியலில் எந்த மாதம், எந்த வருடம் பாஸ் என்று இருக்கும். வேலைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது ‘இப்போது நிலுவையில் அரியர் இருக்கிறதா’ என்றுதான். ஓசூர்ப் பக்கம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார்வதற்குள் இதை முடித்துவிட்டால் பெரிய பாதிப்பு இருக்காது.

ஒன்று மட்டும் போய்விட்டது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு’ வாங்க சிஜிபிஏ 8.5 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே பாஸாகியிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியிலும் அதே விதி என்றால், கோடை வகுப்பில் எவ்வளவு எடுத்தாலும் இனி அது கிடைக்காது. ஆனால் நவம்பரில் அவளுக்கு ஒரு வழி இருந்தது. யாருமே உங்களிடம் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழக விதியில் அதன் பெயர் ‘வித்டிராயல்’. உடம்பு சரியில்லாமலோ வீட்டில் எதிர்பாராத துயரம் நேர்ந்தாலோ, தேர்வு எழுதாமல் விலகிக்கொள்ள அனுமதி கேட்கலாம். தேர்வுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் தர வேண்டும், ஆனால் அசாதாரண சூழ்நிலையில் அதற்குப் பிந்திக் கொடுத்தாலும் பரிசீலிக்க விதியிலேயே இடம் இருக்கிறது. வருகைப் பதிவு சரியாக இருக்க வேண்டும். முழுப் படிப்பிலும் ஏதாவது ஒரு பருவத்தில் மட்டும்தான் கிடைக்கும். பழைய அரியர் பாடத்துக்குக் கேட்க முடியாது. இப்படி விலகினால் அது ஒரு முயற்சியாகவே எண்ணப்படாது. அடுத்த முறை எழுதி பாஸானால் முதல் முயற்சி என்றே கணக்கு, டிஸ்டிங்ஷனும் கைவிட்டுப் போகாது. 102 டிகிரி காய்ச்சலில், கையில் ஊசி போட்ட பஞ்சோடு தேர்வறையில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ‘எழுதாமல் விட்டால் அரியர் ஆகிவிடும்’ என்று யாரோ பயம் காட்டியிருப்பார்கள். ஹாலில் நின்ற எங்களில் ஒருவராவது அந்தப் பிள்ளையிடம் இந்த விதியைச் சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் குறைவு. இனி வரும் பருவங்களில் அப்படி ஒரு நிலை வந்தால், அன்றைக்கே மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் போகச் சொல்லுங்கள்.

இந்த விதியெல்லாம் எங்கே இருக்கிறது? கல்லூரியின் ஒழுங்குமுறைப் புத்தகத்தில், ஆங்கிலத்தில், ஒரு சராசரித் தகப்பனுக்குப் புரியாத நடையில் பக்கம் பக்கமாக. சேர்க்கையின்போது நன்கொடை ரசீதும் பஸ் ரூட் அட்டவணையும் கையில் கொடுக்கத் தெரிந்த கல்லூரிகளுக்கு, அரியர், ரீடூ, வித்டிராயல் என்று தமிழில் நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுக்கத் தெரியவில்லை. அந்த நான்கு பக்கம் இல்லாத இடத்தில்தான் புரோக்கர் வந்து உட்கார்கிறான்.

நேரில் ஒருநாள் போய் வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. ஜன்னலில் நின்று வாய்மொழியாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு வெள்ளைத்தாளில் பதிவு எண், பாடக் குறியீடு எழுதி, மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கோடை வகுப்பில் இன்டர்னல் புதிதாகப் போடுவீர்களா, பழையதையே வைத்துக்கொள்வீர்களா? பதிவு செய்தால் ஏப்ரல் அரியர் எழுதும் உரிமை இருக்குமா? அரியரில் பாஸானால் பணம் திரும்ப வருமா? தேர்வுக் கட்டுப்பாட்டாளர் பெயருக்கு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், தனி ஆளின் ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள், அவர் அந்தக் கல்லூரியிலேயே வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி.

இன்டர்னல் புதிதாகப் போடுவோம் என்று பதில் வந்தால், ஏப்ரலில் எழுதியது அவளுக்கே திருப்தியாக இல்லாத பட்சத்தில் கோடை வகுப்பில் சேருங்கள். அந்த 6,000 வீண்போகாது. மாங்காய்ப் பணம் வரும்வரை தவணை கேட்டும் அதே தாளில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இல்லை என்று சொன்னால் சொல்லட்டும், கேட்பதில் தப்பில்லை. அரியர் கட்டணத்தின் கடைசித் தேதியை மட்டும் இன்றைக்கே மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாண்டியிருந்தால் அபராதத்தோடு கட்ட இன்னும் சில நாள் விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.