எந்த ஹோலுக்கு எந்த அடி: கோவைப் பக்கத்து கோல்ஃப் கேள்வி பதில்

கீழே வரும் தூரமெல்லாம் யார்டுக் கணக்கு. வலக்கை ஆட்டக்காரர், ஹேண்டிகேப் 18 (ஹோலுக்கு ஒரு அடி சலுகை), டிரைவரில் (அதிக தூரம் போகும் கிளப், அதாவது மட்டை) 210, 7-அயனில் (நடுத்தர தூரத்துக்கான இரும்பு கிளப்) 140 போகிறவர் என்று வைத்துச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தூரம் வேறாக இருந்தால் அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பல்லடத்திலிருந்து: ஆடி மாசத்துல மேக்க பார்த்து ஆடுற 410 யார்டு பார் 4 (நாலு அடியில முடிக்க வேண்டிய ஹோல்). டிரைவர் நல்லாப் பட்டாலும் 180 தாண்ட மாட்டேங்குது. ரெண்டாவது அடிக்கு 3-வுட் (டிரைவருக்கு அடுத்த நீளக் கிளப்) எடுத்தா பந்து வலது பக்கத்து மரத்துக்குள்ள போயிருது. என்ன பண்றதுங்ணா?

பதில்: அந்த மாசத்தில் அது பார் 4 இல்லைங்க, பார் 5. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று நம்ம பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் விடாது. உங்க ஊர்ப் பக்கம் காற்றாலை நிற்பதே அதனால்தானே. அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், கணக்கு மட்டும் போடுங்கள்.

180 போனால் மீதி 230. காற்றுக்கு எதிரே 3-வுட்டை எவ்வளவு சுத்தமாக அடித்தாலும் கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தளம்) எட்டாது. எட்டாத அடிக்கு எதற்கு அந்த ஆபத்து? ஹைப்ரிட்டில் (வுட்டுக்கும் அயனுக்கும் நடுவான கிளப்) 150 போங்கள், மீதி 80. அங்கிருந்து 9-அயனில் அரை அடி, பிறகு இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி). மொத்தம் 5. உங்கள் ஹேண்டிகேப்புக்கு அது நெட் பார், அதாவது சலுகை அடியைக் கழித்தால் பார்.

3-வுட் ஏன் வலது பக்கம் போகிறது என்றால், லாஃப்ட் (முகச் சாய்வு) குறைந்த கிளப்பில் பக்கச் சுழற்சி அதிகம் தெரியும். எதிர்க்காற்று அந்த வளைவை இன்னும் பெரிதாக்கும். காற்றில்லாத நாளில் பத்து யார்டு விலகுகிற ஸ்லைஸ் (வலது பக்கம் வளையும் அடி), ஆடியில் மரத்துக்குள் போய் நிற்கும்.

தூரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 16 கி.மீ. எதிர்க்காற்று பத்து சதவீதம் தூரத்தைத் தின்னும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் கிடைப்பது ஐந்து சதவீதம்தான். மரத்தில் சின்னக் கிளைகள் ஆடினால் காற்று 20 முதல் 28 கி.மீ. இருக்கும். அப்போது 140 யார்டை எதிர்க்காற்றில் 160 என்றும், பின்காற்றில் 130 என்றும் வைத்துக் கிளப் எடுங்கள்.

அடிக்கும் விதம்: இரண்டு கிளப் கூட்டி எடுத்து (7-அயனுக்குப் பதில் 5-அயன்), பிடியில் ஒரு இஞ்ச் கீழே பிடித்து, பந்தைக் கொஞ்சம் பின்காலின் பக்கம் வைத்து, முக்கால் ஸ்விங். முடிவில் கை நெஞ்சுயரத்தில் நிற்கட்டும். வேகமாக அடித்தால் பின்சுழற்சி கூடிப் பந்து மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். காற்று பலமாக இருக்கிற நாளில் முடிந்தவரை விடியக்காலை டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) வாங்குங்கள். ஆறு மணிக்கு ஆடுகிற ஹோல் வேறு, பதினொரு மணிக்கு ஆடுகிற ஹோல் வேறு.

அவரே மறுபடி: பக்கத்துல இருந்து அடிக்கிற காத்துக்கு?

பதில்: பந்தை வளைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குறியைக் காற்று வருகிற பக்கம் தள்ளி வைத்து நேரே அடியுங்கள், அதுவே கொண்டுவந்து சேர்க்கும். காற்று இடமிருந்து வலம் அடிக்கும்போது ஸ்லைஸ்காரர்கள் நாம் நினைப்பதைவிட இரண்டு மடங்கு இடது பக்கம் பார்க்க வேண்டியிருக்கும்.

திருப்பூரிலிருந்து: 290 யார்டு சின்ன பார் 4. டிரைவரா, அயனா?

பதில்: டிரைவர் அடி இடம் வலம் சேர்த்து அறுபது யார்டாவது சிதறும். பந்து விழுகிற இடத்தில் தண்ணீர், ஓபி (மைதான எல்லைக்கு வெளியே), அடர்ந்த மரம் இவற்றுக்கு நடுவே அறுபதுக்கு மேல் இடம் இருந்தால் டிரைவர். இல்லாவிட்டால் ஹைப்ரிட்டில் 170, மீதி 120. இடையில் பங்கர் (மணல் குழி) மட்டும்தான் என்றால் நான் டிரைவர்தான் சொல்வேன். கிரீனுக்கு எண்பது யார்டில் நிற்பது 120-இல் நிற்பதைவிட எப்போதும் நல்லதுதான். "எனக்குப் பிடித்த தூரத்தை விட்டுவைக்கிறேன்" என்று பின்னால் நிற்பதில் பெரிய லாபம் கிடையாது.

ஈரோட்டிலிருந்து: தண்ணிக்கு மேல 155 யார்டு பார் 3. எப்பவும் குறைவா விழுந்து தண்ணிக்குள்ள போகுது சார்.

பதில்: கொடியைப் பார்த்துக் கிளப் எடுப்பதுதான் காரணம். ஸ்கோர்கார்டில் இருப்பது கிரீன் நடுவுக்கு அளந்த தூரமா, கேடி (பை தூக்கி வருகிறவர்) சொல்வது கொடிக்கா என்று முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு எண் வேண்டும்: தண்ணீரைத் தாண்டி நிலம் தொடங்கும் தூரம், கிரீனின் பின் விளிம்பு. நிலம் 140-இல் தொடங்கி, பின் விளிம்பு 172 என்றால், பத்து யார்டு குறைவாகப் பட்டாலும் 140-ஐத் தாண்டுகிற கிளப்தான் உங்களுடையது. அதாவது காற்றிலேயே 150 போக வேண்டும், உருண்டு போவதைக் கணக்கில் சேர்க்காமல். உங்களுக்கு அது 5-அயன். அநேகம் பேர் ஒரே ஒரு முறை நன்றாகப் பட்ட 7-அயனைத் தங்கள் தூரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் ஹோலுக்குப் பழைய பந்தை எடுப்பதும் வேண்டாம். பையில் கை விடும்போதே பந்தைத் தாரை வார்த்த மாதிரி ஆகிவிடும்.

விழுந்தேவிட்டால்: மஞ்சள் குச்சி என்றால் ஒரு அடி தண்டத்தோடு, அதே டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) மறுபடி அடிக்கலாம், அல்லது பந்து தண்ணீர் எல்லையைக் கடைசியாகக் கடந்த இடத்தையும் கொடியையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போய் முழங்கால் உயரத்திலிருந்து போடலாம். சிவப்புக் குச்சி என்றால் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், கொடிக்கு நெருங்காமல் போடுவதும் உண்டு. மஞ்சளில் பெரும்பாலும் டீக்குத் திரும்புவதே மேல். அங்கே பந்தை டீ ஆணியில் வைத்து அடிக்கலாம், தூரமும் தெரிந்த தூரம்.

கோவையிலிருந்து: வலது பக்கம் முழுக்க ஓபி. என் அடியும் வலது பக்கந்தான் வளையும். டீயில இடது ஓரமா நிக்கறேன், ஆனாலும் போயிருது.

பதில்: நிற்கிற பக்கம்தான் தப்புங்க. வலது ஓரத்தில் டீ போட்டு ஃபேர்வேயின் (புல் வெட்டிய பாதை) இடது விளிம்பைக் குறி வையுங்கள். வளைந்து வருவதற்கு மொத்த அகலமும் கிடைக்கும். பந்து டீ எல்லைக்குள் இருந்தால் போதும், கால் வெளியே இருக்கலாம். டீ எல்லை அடையாளங்களிலிருந்து இரண்டு கிளப் நீளம் வரை பின்னால் போகவும் இடமுண்டு, அதனால் சமமான இடம் தேடி நில்லுங்கள். சந்தேகமாக இருந்தால் "புரவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொரு பந்து அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். முதல் பந்தைத் தேட மூன்று நிமிடம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: சித்திரை வெயில்ல தரை கல்லாட்டம் கெடக்குது. சிப் (கிரீன் பக்கத்துச் சின்ன அடி) பண்ணினா கிளப் துள்ளிப் பந்து கிரீனைத் தாண்டி ஓடுது.

பதில்: சாண்ட் வெட்ஜை (மணலுக்கான, சாய்வு அதிகமான கிளப்) பைக்குள்ளே வையுங்கள். அதன் அடிப்பாகம் கெட்டித் தரையில் பட்டு எகிறி, முன்விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கிறது. கிரீன் ஓரத்தில் பத்து யார்டுக்குள் என்றால் பட்டர் (உருட்டும் கிளப்) போதும். அதற்கு மேல் 8-அயனைப் பட்டர் மாதிரி பிடித்து, கிரீனில் ஒரு யார்டு உள்ளே விழச் செய்யுங்கள். காற்றில் ஒரு பங்கு போனால் தரையில் மூன்று பங்கு உருளும். பிட்சிங் வெட்ஜில் ஒன்றுக்கு இரண்டு. தூரத்திலிருந்து அடிக்கும்போதும் கிரீனுக்கு முன்னால் பத்து யார்டில் விழ வையுங்கள்.

ஐப்பசி மழையில் இது தலைகீழ். உருளாது, தண்ணீர் குடித்த பங்கர் மணலும் இறுகிவிடும். அங்கே கிளப் முகத்தைத் திறக்காமல் கேப் வெட்ஜ் (பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவானது).

மேட்டுப்பாளையத்திலிருந்து: ஊட்டியில ஆடப் போறோம். கிளப் கணக்கு மாறுமுங்களா?

பதில்: மாறும். 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிது, பந்து கூடுதல் தூரம் போகும். குளிர் அதில் கொஞ்சம் பிடுங்கும். 150-க்கு ஒரு கிளப் குறையுங்கள். அங்கே மேடு பள்ளம்தான் உண்மையான சோதனை. மூன்று அடி ஏற்றத்துக்கு ஒரு யார்டு கூட்டுங்கள், இறக்கத்துக்குக் குறையுங்கள். பந்து காலைவிட மேலே இருந்தால் இடது பக்கம் போகும், கீழே இருந்தால் வலது பக்கம்.

அவினாசியிலிருந்து: ஸ்டேபிள்ஃபோர்டுல (ஹோலுக்கு ஹோல் புள்ளி போடுற முறை) மரத்துக்குள்ள மாட்டினா எப்ப ரிஸ்க் எடுக்கலாம்?

பதில்: பார் 4-இல் உங்களுக்கு 5 அடித்தால் 2 புள்ளி, 6-க்கு ஒன்று, 7-க்கு சைபர். ஏழும் பத்தும் ஒன்றுதான். அதனால் இரண்டு புள்ளி இன்னும் கைக்கு எட்டும்போது அகலமான சந்து வழியாகப் பக்கவாட்டில் வெளியே வாருங்கள். ஒரே புள்ளிதான் மிச்சம் என்றால் சின்னச் சந்தில் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் ப்ளேயில் (மொத்த அடியை எண்ணும் முறை) இந்தத் தைரியம் வேண்டாம்.

அவரே: கெடந்த பந்தை மயில் கொத்தித் தள்ளிருச்சுங்க. கரையான் புத்து வேற குறுக்க இருக்குது.

பதில்: மயில்தான் நகர்த்தியது என்று உறுதியாகத் தெரிந்தால் தண்டமில்லாமல் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். புற்று மண்ணை, பந்து நகராமல், எடுத்துப் போடலாம். புற்று பெயர்க்க வராத அளவுக்கு இறுகிக் கிடந்தால் போட்டிக் குழுவைக் கேளுங்கள்.