ஒத்திகை இல்லாத இரவு: ராஜபார்ட் கலைஞர் பதில்கள்

மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகங்களில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ராஜபார்ட் என்னும் நாயகன் வேடம் ஏற்றுவரும் கலைஞர் ஒருவர், மேடைக்குப் பின்னால் நடப்பவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாதாமே? நடிகர்கள் முதன்முதலாக மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள் என்பது உண்மையா? (வாசகர், திருச்சி)

உண்மைதான். ஆனால் இதைச் சொல்கிறவர்களின் குரலில் ‘அதனால்தான் நாடகம் இப்படி இருக்கிறது’ என்ற ஏளனமும் ஒட்டிக்கொண்டு வருவதால், சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

‘ஸ்பெஷல்’ என்ற பெயரே, ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே பேசி அமர்த்துவதால் வந்தது. எங்களுக்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, இயக்குநரும் கிடையாது. திருவிழா நடத்தும் ஊர்க்காரர்கள் ஏஜெண்டிடமோ நடிகர் சங்கத்திடமோ வந்து, இன்ன தேதிக்கு இன்ன நாடகம், ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் (நாயகி) இன்னார், பபூன் (கோமாளி) இன்னார் என்று ஆளுக்கு ஆள் அட்வான்ஸ் கொடுத்து, எல்லாருடைய படங்களையும் போட்டு நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் என்னுடன் வள்ளியாக நடிக்கப்போவது யார் என்று நானே தெரிந்துகொண்ட நாள்கள் பல உண்டு. நான் மதுரையிலிருந்து போவேன். அவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார். பபூன் திண்டுக்கல்லிலிருந்து கடைசிப் பேருந்தைப் பிடித்து வந்துகொண்டிருப்பார். ஆர்மோனியக்காரர் முந்தின இரவு வேறோர் ஊரில் வாசித்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருப்பார். இரவு ஒன்பது மணிக்கு மேல், கீற்று வேய்ந்த ஒரு சிறு மறைப்புக்குள் இத்தனை பேரும் கூடுவோம்.

இப்படிக் கூடியவர்கள் விடியும்வரை ஒரு நாடகத்தை நடத்த முடிகிறதென்றால், அதற்கான ஒத்திகை வேறெங்கோ முன்பே முடிந்திருக்கிறது என்றுதான் பொருள். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ என்று சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த நாடகங்களின் பாடல்களை, எந்த ஊரில் யாரிடம் பாடம் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் கற்றிருப்போம். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அவர் போட்டுக்கொடுத்த தடத்தில்தான் நாங்கள் இன்றும் நடக்கிறோம். பாடல்கள் எல்லாருக்கும் பொது; அவற்றுக்கு இடையில் வரும் வசனம் அவரவர் சரக்கு.

எனவே, மேடைக்குப் பின்னால் நாங்கள் பேசிக்கொள்ளும் அந்த ஒரு மணி நேரத்தில் நாடகம் கற்பிக்கப்படுவதில்லை, ஒப்பந்தம் மட்டுமே செய்யப்படுகிறது. முதலில் ஆர்மோனியக்காரரிடம் போய், இன்றைக்கு எனக்குத் தொண்டை எப்படி இருக்கிறது, வழக்கமான கட்டைக்கு (சுருதிக்கு) வருமா, அரைக்கட்டை இறக்க வேண்டுமா என்று சொல்லிவிட வேண்டும். நடிகன் எதை மறைத்தாலும் ஆர்மோனியக்காரரிடம் தொண்டையை மறைக்கக் கூடாது. பின்பாட்டும் அவரே பாடுவதால், என் மூச்சு எங்கே முறியும் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்து, வள்ளியாக வருபவரிடம், முருகனும் வள்ளியும் பாட்டாலும் பேச்சாலும் வாதிடும் தர்க்கத்தில் எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது, எதை விடுவது, விடிந்துவிட்டால் எந்த இடத்தில் சுருக்குவது என்பவற்றைப் பேசி முடிப்போம். இருவரும் பல மேடைகளில் சந்தித்தவர்களாக இருந்தால் இது நாலு வாக்கியத்தில் முடிந்துவிடும். புதியவராக இருந்தால், அவருக்கு எத்தனை பாட்டுப் பாடம் என்பதைப் பேச்சோடு பேச்சாக அளந்துகொள்வேன். என்னையும் அவர் அப்படித்தான் அளப்பார்.

மேடையில் வசனம் மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? (வாசகி, காரைக்குடி)

எழுதிவைத்த வசனம் இருந்தால்தானே மறப்பதற்கு? பாட்டின் அடி மறப்பதுண்டு. அப்போது ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். சபையில் இருப்பவர்களுக்கு அது வழக்கமான பின்பாட்டாகவே கேட்கும்.

எனக்கு நேர்ந்த பெரிய மறதி வேறு. சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனபோது, உடைப்பெட்டியைக் கவனமாக இறக்கிய நான், டோப்பா (பொய்முடி) வைத்திருந்த பையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன். வேடன் கோலத்தில் முருகன் வரவேண்டிய காட்சி. என் முன்தலையோ அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. வேறு வழியின்றி, பபூனிடம் ஒரு சிவப்புத் துண்டை வாங்கித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு மேடையேறினேன். வள்ளியாக நின்ற அம்மையார் என்னைப் பார்த்ததும் நிலைமையைப் புரிந்துகொண்டு, “மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறீரே, தலைக்கட்டைப் பார்த்தால் பெண் கேட்டு வந்தவர்போல் அல்லவா இருக்கிறது?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. பெண் கேட்டு வந்தவன்தான் என்று நானும் ஒப்புக்கொள்ள, தர்க்கம் அங்கிருந்தே சூடுபிடித்தது. அடுத்த ஆண்டு அதே ஊர்க்காரர்கள், ‘அந்தத் தலைப்பாகையோடு வாருங்கள்’ என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்தார்கள். எழுதிவைத்த வசனம் என்றால் இந்த விளைவு வாய்த்திருக்காது.

சிறுவர்களை வைத்தே நாடகம் நடத்திய அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேடம் போட்ட சிறுவர்கள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள்? (வாசகர், கும்பகோணம்)

அந்தச் சிறுவர்கள் எல்லாரும் அஞ்சிய சொல் ஒன்று உண்டு, அது ‘மகரக்கட்டு’. பருவம் வரும்போது ஆண்பிள்ளையின் குரல் உடைவதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சத்தில் பாடிக் கைதட்டல் வாங்கிய பையன், ஒரு நாள் காலையில் சாதகம் செய்ய உட்காரும்போது குரல் பிளந்து போவான். அன்றிலிருந்து அவனுக்கு ஸ்திரீபார்ட் கிடையாது. பல பேருக்குச் சிறு வேடங்கள்கூடக் கிடைக்காமல் போயிருக்கிறது. குரல் திரும்பி வந்து ராஜபார்ட் ஆனவர்களும் உண்டு. திரும்பாமலே திரை இழுக்கவும் சமையலைக் கவனிக்கவும் போனவர்களும் உண்டு.

சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை 1918இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. பிற்காலத்தில், வளர்ந்த ஆணாக இருந்தபோது அவர் ஏற்ற ஔவையார் வேடமே ‘ஔவை சண்முகம்’ என்ற பெயரை அவருக்குப் பெற்றுத் தந்தது. எம்.ஜி.ஆர். தம் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர். சிவாஜி கணேசனும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் பெண் வேடங்கள் கட்டியவர். நாம் இவர்களின் பெயர்களை அறிவோம். இவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, மகரக்கட்டோடு ஊர் திரும்பிய பையன்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. பழைய கம்பெனிகளின் கட்டுப்பாட்டைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

வேடம் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒப்பனைக்கலைஞர் வருவாரா? (வாசகி, விருதுநகர்)

வரமாட்டார். அவரவர் முகத்துக்கு அவரவரே பொறுப்பு. தகரப்பெட்டியின் மூடியில் ஒட்டிய கண்ணாடி, தேங்காய் எண்ணெய், பவுடர், மை, சாந்து ஆகியவைதான் எங்கள் ஒப்பனை அறை. முகத்துக்கு முக்கால் மணி நேரமும் உடைக்கும் நகைக்கும் அரை மணி நேரமும் எனக்குப் போதும்.

போட்ட பிறகு காத்திருப்பதுதான் சிரமம். முதலில் பபூன் வந்து ஒரு மணி நேரத்துக்குமேல் கூட்டத்தைச் சிரிக்கவைத்து, அதன்பின் டான்ஸ் காமிக் (ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த காட்சி) முடிந்து, ராஜபார்ட் மேடைக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை படுக்கக் கூடாது. படுத்தால் ஒப்பனை கலைவது ஒரு பக்கம் இருக்க, தூங்கி எழுந்த தொண்டை பாட்டுக்கு வசப்படாது. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு, நாற்காலி கிடைத்தால் நாற்காலியிலும் கிடைக்காவிட்டால் பெட்டியின் மேலும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். இடுப்புக்கச்சையை இறுக்கிக் கட்டியபின் வயிறாரச் சாப்பிடவும் முடியாது. ஊர்க்காரர்கள் அன்போடு போடும் கறிச்சோற்றை நான் ருசித்துச் சாப்பிட்டது, எனக்கு வேடம் இல்லாத இரவுகளில் மட்டுமே.

மேடையேறுமுன் எல்லாரும் ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிடுகிறார்களே? (வாசகர், தேனி)

ஆர்மோனியத்தை மட்டுமல்ல, மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாள, ஒலிக் கருவிகள்), மேடைப்பலகை எல்லாவற்றையும் தொட்டுக் கும்பிடுவோம். இன்றிரவு எங்களைக் காப்பாற்றப்போகிறவர்கள் அவற்றை வாசிக்கிறவர்கள் என்பதால் வயது பார்ப்பதில்லை. என் மகன் வயதுள்ள ஆர்மோனியக்காரரின் பெட்டியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பாடத் தொடங்குவேன்.

பெண் கலைஞர்களின் நிலை இப்போது மாறியிருக்கிறதா? (வாசகி, மதுரை)

ஓரளவு மாறியிருக்கிறது, போதுமான அளவு மாறவில்லை. நான் நடிக்க வந்த காலத்தில், ஸ்திரீபார்ட் கலைஞர் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு நின்றாலே, ‘நாடகக்காரி’ என்ற சொல் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஆகவே அவர்கள் பெட்டியைத் துணியால் சுற்றி, தலையை முக்காடிட்டு, எங்களிடமிருந்து நாலடி தள்ளி நிற்பார்கள். நாங்களும் பேச்சுக்கொடுக்க மாட்டோம். வசதி வந்தபின் பலர் தாயையோ தம்பியையோ துணைக்கு அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் வருகிறார்கள். ஆனால் அந்த வாடகையும் அவர்களுடைய சம்பளத்திலிருந்துதான் போகிறது. ஆண் நடிகனுக்கு இல்லாத செலவு இது என்பதை ஊர்க்காரர்களில் எத்தனை பேர் எண்ணிப்பார்க்கிறார்கள்?

மேடைக்குப் பின்னால் நாங்கள் முறை வைத்தே அழைத்துக்கொள்வோம். ‘அண்ணே, நேரமாச்சு’ என்று என்னை அழைக்கிறவரிடம்தான், ஐந்து நிமிடம் கழித்து மேடையில் நான் காதல் மொழி பேச வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் முருகன் என்ற இந்தக் கோடு பழகாதவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். எங்களுக்கோ அதுதான் பாதுகாப்பு. அந்தக் கோட்டை மதிக்காத நடிகனோடு நடிக்க மாட்டேன் என்று ஸ்திரீபார்ட் கலைஞர்கள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் செய்தது சரியே.

ஆண்டு முழுவதும் நாடகம் இருக்குமா? இல்லாத மாதங்களில் என்ன செய்வீர்கள்? (வாசகர், சென்னை)

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு தவறாமல் மேடை இருக்கும். ஆடிக் கொடைகளோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எவரும் திறந்த வெளியில் நாடகம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் நான் உடைகளுக்குச் சம்கி தைப்பேன்; இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சக கலைஞர்களில் சிலர் பெயின்ட் அடிக்கவும் களையெடுக்கவும் போகிறார்கள். கடன் வாங்கி மழைக்காலத்தைக் கடந்து, சித்திரையில் அதை அடைப்பதுதான் பலருக்கும் வழக்கம் என்பதால், 2020இல் பொதுமுடக்கம் சரியாகப் பங்குனியில் வந்தபோது எங்களுக்கு ஓர் ஆண்டே போய்விட்டது. அடுத்த சித்திரையும் அப்படியே ஆனது. ஆர்மோனியத்தை விற்றவர்களை அறிவேன்.

இன்னொரு நெருக்கடி நேரம் பற்றியது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எங்கள் நாடகமோ பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது. விதியின் நியாயத்தை மறுக்கவில்லை. நோயாளியும் தேர்வு எழுதும் பிள்ளையும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் காவல்துறை அனுமதி கிடைக்குமா, எத்தனை மணிவரை கிடைக்கும் என்பது தெரியாமல் வேடம் போட்டு உட்கார்ந்திருப்பது, தொண்டை கட்டிக்கொள்வதைவிடக் கொடியது. நேரத்தைச் சுருக்கச் சொன்னால் ஊர்க்காரர்கள் முதலில் வெட்டுவது தர்க்கத்தைத்தான். சினிமாப் பாட்டு டான்ஸை அல்ல. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நாடகம் முடிந்ததும் உடனே தூங்கிவிடுவீர்களா? (வாசகி, தஞ்சாவூர்)

முதலில் வேடத்தைக் கலைக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் தொடக்கத்தில் எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் நடித்தவர். ஒரு நாள் நாடகம் முடிந்து, சனீஸ்வரன் வேடத்தைக் கலைப்பதற்காக விடியற்காலையில் அவர் குளத்துக்குப் போனபோது, எதிரே வந்த பெண் ஒருவர் அந்தக் கோலத்தைக் கண்ட அச்சத்தில் விழுந்து இறந்துபோனார் என்றும், அதன்பின் அவர் நடிப்பதை விட்டு எழுதுவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார் என்றும் நாடகக்காரர்களிடையே ஒரு செய்தி வழங்கிவருகிறது. அதனால் வேடத்தோடு கொட்டகையைத் தாண்டக் கூடாது என்பது எனக்குப் பாடம் சொன்னவர் விதித்த கட்டளை. ஆகவே எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

பிறகு முதல் பேருந்து. இடம் கிடைத்தால் ஊர் வரும்வரை தூக்கம். எவ்வளவு துடைத்தாலும் இமை ஓரத்து மை மட்டும் போகாது. அதைப் பார்த்துவிட்டு, “எந்த ஊர்ல நாடகம்?” என்று கேட்கிற நடத்துநர், மதுரை வந்ததும் என்னை மறக்காமல் எழுப்பிவிடுவார்.